கன்னமும் கபாலமும்

பினாங்கின் ஜார்ஜ் டவுனில், பெரிய ஆஸ்பத்திரியின் காது மூக்கு தொண்டைப் பிரிவிலே, ஒரே விசிப்பலகையில் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கும் ஒரு சீனப் பெரியவரும் ஒரு தமிழ் மூதாட்டியும் கழுத்தில் கட்டி என்று சொல்லிக்கொண்டு வந்தவர்களாக இருப்பின், அனுபவமுள்ள மருத்துவரின் மனத்தில் அவ்விருவரையும் பற்றி இரண்டு வெவ்வேறு சந்தேகங்கள் எழுவது சகஜம். பெரியவரின் கட்டி காதுக்குக் கீழே சற்றுப் பின்புறமாக இருக்குமானால், மூக்கின் பின்கோடியில், அண்ணத்துக்கு மேலே, கபாலத்தின் அடித்தளத்தை ஒட்டிக் கிடக்கும் நாசித்தொண்டை என்ற சிறு அறையைப் பார்த்தாகவேண்டும் என்று அவருக்குத் தோன்றும். மூதாட்டியின் கட்டி தாடைக்கு அடியில் இருக்குமானால், வாயைத் திறக்கச் சொல்லி, வெற்றிலையை எந்தக் கன்னத்தில் அடக்கிக்கொள்வது வழக்கம் என்று கேட்பார்.

இனத்தைக் கொண்டு வியாதியை ஊகிப்பது முறையா என்று வாசகர் வினவலாம். வினவவேண்டியதுதான், ஆனால் இந்த ஊகத்துக்கு ஆதாரம் மருத்துவரின் மனச்சாய்வன்று, பல்லாண்டுகளாக எழுதிச் சேர்த்த பதிவேடுகளே. தீபகற்ப மலேசியாவில் நாசித்தொண்டைப் புற்றுநோய் சீனரிடம் மிகுந்தும், மலாய்க்காரரிடம் குறைந்தும், இந்தியரிடம் மிக அரிதாயும் காணப்படுவதை மலாயாப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் பிரசாத் அவர்களும் ராம்பால் அவர்களும் 1992-ல் விரிவாக எழுதினார்கள். தென்சீனத்துக் குவாங்தோங் மாநிலத்திலும், ஹாங்காங்கிலும், அங்கிருந்து கப்பலேறிய மக்கள் குடியமர்ந்த தென்கிழக்காசிய நகரங்களிலும் இந்த நோய் தொடர்ந்து வருவதற்குப் பரம்பரைக் காரணம் ஒன்று. 1964-ல் எப்ஸ்டீன், ஆக்கோங், பார் என்ற மூவர் கண்டறிந்து சொன்ன வைரஸ் இன்னொன்று. பால்குடி மறக்கும் பருவத்திலேயே குழந்தைக்கு ஊட்டும் சீன முறை உப்புமீன் மற்றொன்று. உப்புமீனைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் வரிசையில் உலகச் சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிக் கழகம் 1993-ல் சேர்த்தது.

நம்மவர் கதை வேறு. புகையிலை கலந்த வெற்றிலைப் பாக்கை அதே கழகம் 1985-லும், புகையிலை இல்லாத வெற்றிலைப் பாக்கையும் தனிப் பாக்கையும் 2004-லும் அதே முதல் வரிசையில் வைத்தது. கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் பணியாற்றிய ராமநாதன் அவர்கள் 1976-ல் வெளியிட்ட ஆய்வில், வாய்ப்புற்று இந்நாட்டில் மற்ற இனத்தாரைவிட இந்தியரைத்தான் விகிதாசாரத்துக்கு மிஞ்சித் தாக்குகிறது என்பதைப் புலப்படுத்தினார். பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களின் வாயைத் திறந்து பார்த்துப் பல் மருத்துவர்கள் 1993, 1994 ஆண்டுகளில் நடத்திய தேசிய ஆய்வும் அதையே உறுதிப்படுத்தியது. கமுகமரத்தைக் கொடியிலே பொறித்துக்கொண்டிருக்கும் மாநிலத்தில் பாக்கைக் குறைகூறி எழுதுவது சற்றுச் சங்கடமான காரியந்தான். எனினும் தாம்பூலத்துக்கு நாம் தந்திருக்கும் மங்கள ஸ்தானம் கன்னத்தின் சவ்வுக்குத் தெரியாது.

இவ்விரு வியாதிகளையும் ஒரே அத்தியாயத்தில் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. நமது தர்க்க சாஸ்திரிகள் அறிவு பிறக்கும் வழிகளுள் பிரத்தியட்சம் என்றும் அனுமானம் என்றும் இரண்டைப் பிரித்து வைத்தார்கள். கண்ணால் காண்பது முன்னது, புகையைக் கண்டு நெருப்பை உணர்வது பின்னது. எக்ஸ்ரேப் படமும், சி.டி. ஸ்கேனும், எம்.ஆர்.ஐ.யும் பார்ப்பதற்குப் பிரத்தியட்சம் போலவே தோன்றுமாயினும் அவை யாவும் அனுமானங்களே. கட்டியை அவை காட்டுவதில்லை. கதிர் எவ்வளவு தடைப்பட்டது, நீரின் அணுக்கள் எப்படி எதிரொலித்தன என்பதை அளந்து, அந்த அளவுகளிலிருந்து கட்டி இருக்கவேண்டிய இடத்தை ஊகித்துத் தீட்டித் தருகின்றன. புற்றுநோய்தான் என்று சாதிக்கும் அதிகாரம், ஒரு துணுக்குத் திசுவை எடுத்து நுண்நோக்கியின்கீழ் வைத்துப் பார்க்கும் பயாப்ஸி பரிசோதனைக்கே உண்டு. படத்தின் வேலை, நோய் எதுவரை சென்றிருக்கிறது என்று சொல்வது. கன்னத்திலும் கபாலத்திலும் அந்த வேலை எவ்வளவு மாறுபடுகிறது என்பதே இங்கு நாம் ஆராயப் புகும் விஷயம்.

நாசித்தொண்டை மிகவும் மறைவான இடம். அதன் பக்கச் சுவரில், காதுக்குக் காற்றுக் கொண்டுபோகும் குழாயின் வாய்க்குப் பின்னால், ரோசன்முல்லர் என்ற ஜெர்மானிய உடற்கூற்று நிபுணரின் பெயரைத் தாங்கிய ஒரு மடிப்பு உண்டு. நோய் பெரும்பாலும் அங்கேதான் முளைக்கிறது. முளைத்தது வலிப்பதில்லை. குழாயின் வாயை அது அடைத்துக்கொள்வதால் ஒரு காது மட்டும் மந்தமாவதும், காலையில் மூக்கைச் சிந்தும்போது கைக்குட்டையில் இலேசாக இரத்தக் கறை படிவதுமே ஆரம்ப அடையாளங்கள். அவற்றைச் சளித் தொந்தரவு என்று அலட்சியம் செய்வது மனித சுபாவம். ஆகவேதான் பெரும்பாலோர் கழுத்தில் நெறி கட்டிய பிறகே ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கிறார்கள். முற்காலத்தில் உள்நாக்குக்குப் பின்னே சிறு கண்ணாடியைப் பிடித்தும், இக்காலத்தில் மூக்கின் வழியே எண்டோஸ்கோப்பை நுழைத்தும் மருத்துவர் அந்தச் சுவரைப் பார்க்கிறார். சுவரின் மேற்பரப்பு மட்டுமே அவருக்குப் பிரத்தியட்சம். சவ்வு பழுதின்றி இருக்க, அதன் அடியிலே நோய் எலும்பை நோக்கிச் செல்லுமானால், எத்தனை கூரிய கண்ணும் அதைக் காணமாட்டாது.

சி.டி. ஸ்கேன் வருவதற்கு முன்பு அந்த ஆழத்தை அறிய முயன்றவர்களின் பொறுமை வியக்கத்தக்கது. நோயாளியைத் தலையை முற்றிலும் பின்னே சாய்க்கச் செய்து, உச்சந்தலை பிலிம் தகட்டைத் தொடும்வரை வளைத்து, மோவாய்க்கு அடியிலிருந்து எக்ஸ்ரே கதிரைச் செலுத்தினால், கபாலத்தின் அடித்தளம் அதன் துவாரங்களோடு ஒரு தட்டையான நிழலாக விழும். கழுத்து வலியோடு வந்தவருக்கு அந்த நிலையில் அசையாதிருப்பது எத்தகைய உபத்திரவம் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. அவ்வளவு பாடுபட்டும் எலும்பின் சுண்ணச்சத்தில் மூன்றில் ஒரு பங்காவது கரைந்துபோன பிறகே அந்த நிழலில் வேறுபாடு தெரியவரும். ஹாங்காங்கில் ஆயிரக்கணக்கான நோயாளிகளைக் கவனித்த ஜான் ஹோ அவர்கள் 1970களில் இந்த நோய்க்கென்று வகுத்த நிலைப்பாகுபாடு, இத்தகைய நிழல்களையும் தமது விரல்களின் பரிசத்தையுமே பெரிதும் நம்பி எழுந்தது.

1971 அக்டோபர் 1-ந் தேதி லண்டனில் ஆட்கின்சன் மார்லி ஆஸ்பத்திரியில், காட்பிரே ஹவுன்ஸ்பீல்டு என்ற பொறியாளர் அமைத்த யந்திரத்தில் ஒரு பெண்மணியின் தலை முதன்முதலாகப் படம் பிடிக்கப்பட்டது. அதற்கு முன் ஆய்வுக்கூடத்தில் ஒரு கடைசல் யந்திரத்தின் படுகையில் பொருளை ஏற்றி அவர் எடுத்த முதல் படத்துக்கு ஒன்பது நாட்கள் பிடித்தன. சி.டி. ஸ்கேனின் தத்துவம் எளிது: ஒரே தளத்தைப் பல கோணங்களிலிருந்து கதிரால் துளைத்து, ஒவ்வொரு கோணத்திலும் எவ்வளவு கதிர் எஞ்சி வெளிவந்தது என்பதைக் குறித்துக்கொண்டு, அந்தத் தளத்தின் ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு கதிரை விழுங்கியிருக்கவேண்டும் என்று கணக்கிட்டுவிடுவது. தண்ணீருக்கு 0, காற்றுக்கு மைனஸ் 1000 என்று வைத்துக்கொண்ட அந்த அளவுகோலில் கொழுப்பு ஏறத்தாழ மைனஸ் 100-ல் நிற்கும்; கெட்டி எலும்பு 1000-ஐ எட்டும். சங்கடம் எங்கே என்றால், தசையும் புற்றுக்கட்டியும் இந்த அளவுகோலில் ஏறக்குறைய ஒரே படியில் நிற்கின்றன. அயோடின் கலந்த மருந்தை நரம்பில் ஏற்றிக் கட்டியைச் சற்று வெளுக்கச் செய்தாலும், இரண்டுக்கும் நடுவே கோடு கிழிப்பது நிபுணருக்கும் கடினமாகவே இருந்தது. எலும்பு அரிபட்டிருப்பதைச் சி.டி. செவ்வையாகக் காட்டும், அரிக்கப்படுவதற்கு முன்னே எலும்பின் உள்மச்சையில் நோய் புகுந்திருப்பதை அதனால் அறிய முடியாது.

அந்தக் குறையை எம்.ஆர்.ஐ. தீர்த்தது. 1973-ல் லாட்டர்பர் வெளியிட்ட யோசனையையும் மான்ஸ்பீல்டின் கணித வேலையையும் அஸ்திவாரமாகக் கொண்ட இந்த யந்திரம் கதிர் எதையும் உபயோகிப்பதில்லை. சாதாரணமாக ஆஸ்பத்திரிகளில் இருக்கும் 1.5 டெஸ்லா காந்தம் பூமியின் காந்த சக்தியைப்போல் ஏறத்தாழ 30,000 மடங்கு வலிமையுள்ளது, அவ்வளவே. நீரிலும் கொழுப்பிலும் உள்ள ஹைட்ரஜன் அணுக்கள் அந்தக் காந்தத்துக்குள் எப்படி நிமிர்ந்து, ரேடியோ அலையால் எப்படிச் சாய்ந்து, எவ்வளவு விரைவில் பழைய நிலைக்குத் திரும்புகின்றன என்பதிலிருந்து படம் பிறக்கிறது. அரைமணி நேரத்துக்கு மேல் நோயாளி அந்தக் குழலுக்குள், காதை அடைத்துக்கொண்டு, அடிக்கும் இரைச்சலைப் பொறுத்துக் கிடக்கவேண்டும். தொண்டைப் பகுதியைப் படம் பிடிக்கும் சில நிமிஷங்களில் எச்சிலைக்கூட விழுங்காதிருக்குமாறு அவரிடம் சொல்லிவைக்கிறார்கள். விழுங்கினால் படம் கலங்கிவிடும்.

அப்படி எடுத்த படத்தில் நிபுணர் முதலில் தேடுவது கட்டியையன்று, கொழுப்பை. இது கேட்பதற்கு விசித்திரமாக இருக்கும். தொண்டைக்குப் பக்கத்தில் தசைகளுக்கு நடுவே இயற்கை வைத்திருக்கும் கொழுப்புப் படலங்கள் ஒருவகை எம்.ஆர்.ஐ. படத்தில் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். தண்ணீர் நிறைந்த வயல்களுக்கிடையே ஓடும் வரப்புகளைப்போல அவை ஒவ்வொரு தசையையும் எல்லைகட்டி நிறுத்துகின்றன. வலப்பக்கத்து வரப்பு ஒழுங்காக இருக்க, இடப்பக்கத்து வரப்பு ஓரிடத்தில் மறைந்திருந்தால், நோய் அதைக் கடந்துவிட்டது என்று பொருள். பின்னர் அவர் பார்வை கபால அடித்தளத்தின் நடுவெலும்பான கிளைவஸ் மீது செல்லும். வயது வந்தவர்களின் கிளைவஸ் எலும்பினுள் இருக்கும் மச்சை கொழுப்பு மிகுந்ததாதலால் அதே படத்தில் வெளுப்பாகவே தோன்றவேண்டும். அதில் ஒரு பகுதி சாம்பல் நிறமாக மாறியிருந்தால், வெளிச்சுவர் உடையாமலே நோய் உள்ளே குடியேறிவிட்டது. அடுத்து, முகத்துக்கும் தாடைக்கும் உணர்வு கொண்டுபோகும் ஐந்தாம் நரம்பின் ஒரு கிளை கபாலத்திலிருந்து வெளிவரும் முட்டை வடிவத் துவாரத்தை அவர் இரு பக்கமும் ஒப்பிடுவார். நரம்பைப் பற்றிக்கொண்டு புற்று மூளையை நோக்கி ஏறும் வழிகளில் அது முக்கியமானது. கொழுப்பின் வெண்மையை அடக்கிவிட்டு, கடோலினியம் மருந்தை ஏற்றி எடுத்த படத்தில், தடித்து ஒளிரும் அந்த நரம்பே முதல் சாட்சியாக நிற்கும். கடைசியாக, தொண்டையின் பின்சுவருக்குப் பின்னால், எந்த மருத்துவரின் விரலும் எட்டாத இடத்தில் இருக்கும் ரூவியேர் கணுக்கள். நாசித்தொண்டைப் புற்று பெரும்பாலும் முதலில் போய்த் தங்கும் சத்திரங்கள் அவை. படம் இல்லாத காலத்தில் அவற்றின் வீக்கத்தை உயிரோடிருப்பவரிடம் அறிய வழியே இல்லை.

இவ்வளவு சூட்சுமமாகப் பார்த்ததெல்லாம் எதற்காக? ஒரு நிலையை நிர்ணயிப்பதற்காக. 1943 முதல் 1952 வரை பிரான்ஸ் தேசத்துப் பியேர் டெனுவா உருவாக்கிய டி, என், எம் என்ற மூன்றெழுத்து முறையே உலகெங்கும் வழங்குகிறது: முதல் கட்டியின் பரவல் டி, நிணநீர்க் கணுக்கள் என், தூர அவயவங்களுக்குச் சென்றது எம். 2018 முதல் நடைமுறைக்கு வந்த எட்டாம் பதிப்பின்படி, நாசித்தொண்டை நோய் தன் அறைக்குள்ளோ, மூக்கினுள்ளோ, வாய்க்குப் பின்னேயோ நின்றால் டி1. பக்கத்துக் கொழுப்பிலோ அடுத்த தசைகளிலோ புகுந்தால் டி2. கபால அடித்தள எலும்பைத் தொட்டால் டி3. மூளையறையையோ, கபால நரம்புகளையோ, கண்குழியையோ எட்டினால் டி4. கழுத்துக் கணுக்களில் குரல்வளையின் வளையக் குருத்தெலும்புக்குக் கீழே ஒன்று வீங்கியிருந்தாலும் நிலை உயர்ந்துவிடும். கணு எந்த மட்டத்தில் இருக்கிறது என்பதைத் தீர்மானிப்பதும் படந்தான்.

பினாங்கில் நோயாளியின் குடும்பத்தார் ஸ்கேன் முடிந்து வெளியே வந்ததும் கேட்கும் முதல் கேள்வி, எந்த ஸ்டேஜ் என்பதே. அதைக் கேட்டவுடன் மனத்துக்குள் ஒரு கணக்குப் போட்டுக்கொள்கிறார்கள். அந்த எண்ணை அவர்கள் தலைவிதியாகவே கொள்வது தவிர்க்கமுடியாததாயினும், அந்த எண் வியாதியோடு படத்தையும் சார்ந்தது என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. குவாங்சோ நகரில் நானூறுக்கும் மேற்பட்ட நாசித்தொண்டை நோயாளிகளைச் சி.டி.யிலும் எம்.ஆர்.ஐ.யிலும் பார்த்து ஒப்பிட்ட 2008-ஆம் ஆண்டு ஆய்வில், ஏறத்தாழப் பாதிப்பேருக்கு டி நிலை மாறிப்போயிற்று. சரீரம் அதே சரீரம், நோய் அதே நோய்.

இதனால் விளையும் ஒரு விபரீதக் கணக்கை ஆல்வன் பைன்ஸ்டீன் என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடைய சகாக்களும் 1985-ல் எடுத்துக்காட்டினார்கள். டி2 என்று சி.டி. சொன்னவர்களுள் சிலரது கிளைவஸில் நோய் இருப்பதை எம்.ஆர்.ஐ. கண்டு, அவர்களை டி3-க்கு மாற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். டி2 கூட்டத்திலிருந்து அதன் மோசமான நோயாளிகள் விலகிவிட்டபடியால், அந்தக் கூட்டத்தின் சராசரி ஆயுள் உயரும். புதிதாக டி3-ல் சேர்ந்தவர்களோ அங்கே முன்பிருந்தவர்களைவிட நல்ல நிலையில் இருப்பவர்கள். ஆகவே அந்தக் கூட்டத்தின் சராசரியும் உயரும். இரண்டு வகுப்பிலும் பலன் முன்னேறியதாக அறிக்கை எழுதிவிடலாம். ஒருவர்கூட ஒரு நாள் அதிகமாக வாழ்ந்திருக்கமாட்டார். பழைய புள்ளிவிவரத்தையும் புதிய புள்ளிவிவரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சிகிச்சை சிறந்துவிட்டதென்று பிரகடனம் செய்வோரைப் பார்க்கும்போதெல்லாம், எந்த யந்திரத்தால் நிலை பிரித்தீர்கள் என்று கேட்பது நல்லது.

இனி இன்னொன்று. நாசித்தொண்டைப் புற்றுக்குப் பிரதான சிகிச்சை கத்தியன்று, கதிர். 1976-ல் பிரான்சிஸ்கன் கன்னியாஸ்திரீகள் பினாங்கில் தொடங்கிய மவுண்ட் மிரியம் புற்றுநோய் மருத்துவமனை போன்ற இடங்களில், எம்.ஆர்.ஐ. படத்தைத் திட்டமிடும் சி.டி. படத்தின்மேல் பொருத்தி வைத்து, எந்த மில்லிமீட்டர்வரை முழு அளவு கதிர் செல்லவேண்டும், உமிழ்நீர்ச் சுரப்பிகளையும் கண் நரம்பையும் தண்டுவடத்தையும் காப்பாற்ற எங்கே குறையவேண்டும் என்று மருத்துவர் திரையில் கோடு வரைகிறார். அந்தக் கோடு சரியா என்று யாரும் அந்த எலும்பைத் திறந்து பார்க்கப்போவதில்லை. அனுமானத்தில் தொடங்கிய காரியம் அனுமானத்திலேயே நடந்து முடிகிறது. கதிர் மருத்துவத்தின் துணிச்சல் என்று நான் கருதுவது இதைத்தான். பக்கத்து அறையில் உட்கார்ந்து அந்தச் சாம்பல் நிறப் புள்ளியை நோய் என்றோ வீக்கம் என்றோ தீர்மானிக்கும் நிபுணரின் பொறுப்பு எத்தகையது என்பதும் இதிலிருந்தே விளங்கும்.

கன்னத்துக்கு வருவோம். இங்கே நோய் பிரத்தியட்சம். விளக்கைக் காட்டினால் புண் தெரியும், விரலை வைத்தால் அதன் விளிம்பு தடித்திருப்பது தெரியும். ஆயினும் பல்லாண்டுகள் பாக்கு மென்றவர்களுக்கு வாயின் உட்சவ்வு நார்பாய்ந்து இறுகிவிடும் வியாதியொன்று உண்டு. இரண்டு விரல் நுழையும் அளவுக்குக்கூட வாய் திறக்காதவர்கள் உண்டு. அவர்களிடம் பிரத்தியட்சமும் கதவடைத்துவிடுகிறது.

கன்னப் புற்றைச் சி.டி.யில் எடுக்கும்போது ஒரு வேடிக்கையான தந்திரத்தைக் கையாளுகிறார்கள். வாயை மூடிக்கொண்டு சாதாரணமாகப் படுத்திருக்கும்போது கன்னத்தின் சவ்வும் ஈற்றுச் சவ்வும் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடப்பதால், புண் கன்னத்தில் முளைத்ததா, ஈற்றில் முளைத்துக் கன்னத்தைத் தொட்டதா என்று பிரித்தறிய முடியாது. ஆகையால் உதட்டை இறுக மூடி, நாதஸ்வர வித்துவானைப்போல் கன்னங்களை உப்பிக்கொண்டு, படம் முடியும்வரை அப்படியே இருக்குமாறு நோயாளியைப் பழக்குகிறார்கள். உள்ளே புகுந்த காற்று படத்தில் கறுப்பாக நின்று இரு சவ்வுகளையும் விலக்கிவிடுகிறது; கறுப்பின் ஒரு கரையில் கட்டி பளிச்சென்று தனித்து நிற்கிறது. கோடி ரூபாய் பெறும் யந்திரத்துக்கு நோயாளியின் மூச்சு துணைசெய்யும் இந்தக் காட்சி எனக்கு மிகவும் பிடித்தமானது. பல்லுக்கு உலோக அடைப்பு வைத்தவர்களிடம் மட்டும் இது பலிப்பதில்லை. உலோகத்திலிருந்து படம் முழுவதும் வெண்கீற்றுகள் பாய்ந்து எல்லாவற்றையும் மறைத்துவிடும்.

அறுவை மருத்துவர் படத்திடம் கேட்பவை மூன்று கேள்விகளே. தாடையெலும்பைத் தொட்டுவிட்டதா? மேல்விளிம்பு மட்டும் அரிபட்டிருந்தால் எலும்பின் ஓரத்தைச் சீவிவிட்டுத் தாடையைக் காப்பாற்றலாம். மச்சைக்குள் இறங்கியிருந்தால் ஒரு துண்டையே எடுத்துவிட்டுக் காலெலும்பைக் கொண்டு ஈடுகட்டவேண்டும். முதற்கேள்விக்குச் சி.டி.யும் மச்சையைப் பற்றிய கேள்விக்கு எம்.ஆர்.ஐ.யும் பதில் தருகின்றன. பின்கடைவாயைக் கடந்து மெல்லும் தசைகளின் அறைக்குள் ஏறிவிட்டதா என்பது இரண்டாவது. ஏறியிருந்தால் அறுவை எல்லையே மாறிவிடும். எவ்வளவு ஆழம் என்பது மூன்றாவது. கட்டியின் அகலத்தை மட்டும் அளந்துகொண்டிருந்த பழைய முறையை மாற்றி, சவ்வின் மட்டத்திலிருந்து அது இறங்கிய ஆழத்தையும் எட்டாம் பதிப்பு கணக்கில் சேர்த்தது: 5 மில்லிமீட்டர் ஒரு படி, 10 மில்லிமீட்டர் அடுத்த படி. எம்.ஆர்.ஐ.யில் அளந்த ஆழம் நுண்நோக்கியில் அளந்ததைவிடச் சற்று அதிகமாகவே வருவதுண்டு. கட்டியைச் சுற்றியுள்ள அழற்சியையும் படம் சேர்த்து அளந்துவிடுகிறது. ஆனால் இங்கே தவறு நீண்டநாள் ஒளிந்திருக்க முடியாது. அறுவை முடிந்த சில நாட்களில் திசு நிபுணரின் அறிக்கை வந்து, படத்தின் அனுமானத்தை மில்லிமீட்டர் கணக்கில் சரிபார்த்துவிடும். கபாலத்துக்குக் கிட்டாத பாக்கியம் இது.

கழுத்துக் கணுக்களின் விஷயத்தில் படத்தின் பலவீனம் வெட்டவெளிச்சமாகிறது. பொதுவாகக் கணுவின் குறுகிய குறுக்களவு 10 மில்லிமீட்டரைத் தாண்டினால் சந்தேகம். ரூவியேர் கணுவுக்கு 5 மில்லிமீட்டரே எல்லை. நடுவே அழுகிக் குழிந்திருந்தால் அளவைப் பாராமலே சந்தேகம். அல்ட்ராசவுண்டால் பார்த்துக்கொண்டே மெல்லிய ஊசியைச் செலுத்தி உறிஞ்சி எடுக்கும் செல்கள் அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கும். பத்து மில்லிமீட்டருக்குள் அடங்கிய கணுவின் மூலையில் சில நூறு புற்றுச் செல்கள் குடியிருந்தால் எந்த யந்திரமும் அதைக் காட்டாது. மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் டிகுரூஸ் அவர்கள் தலைமையில் நடந்து 2015-ல் வெளியான பரிசோதனை இதற்குச் சான்று. கழுத்தில் நோய் தென்படாத வாய்ப்புற்றாளரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு வாய் அறுவையோடு கழுத்துக் கணுக்களையும் அப்போதே நீக்கினார்கள். மறு பிரிவினருக்குக் கணு வீங்கினால் பார்த்துக்கொள்வோம் என்று காத்திருந்தார்கள். மூன்றாண்டு முடிவில் முன்னவரில் 80 சதவீதத்தினரும், பின்னவரில் 67.5 சதவீதத்தினரும் உயிருடன் இருந்தார்கள். தென்படவில்லை என்பது வேறு, இல்லை என்பது வேறு.

பெட் ஸ்கேன் இந்தப் பலவீனத்தைப் போக்கிவிடும் என்று எதிர்பார்த்தவர்கள் உண்டு. புற்றுச் செல்கள் சர்க்கரையை அளவுக்கு மீறி விழுங்குவதை ஆட்டோ வார்பர்க் 1920களிலேயே கவனித்தார். அந்த ஆசையையே வலையாக்கி, கதிர்வீசும் புளோரினைச் சர்க்கரை மூலக்கூறோடு கோத்து நரம்பில் ஏற்றி, அது எங்கே போய்க் குவிகிறது என்று பார்ப்பதே இந்த முறை. 1976-ல் முதன்முதலாக மனிதருக்குச் செலுத்துவதற்கு இந்த மருந்தைப் புரூக்ஹேவனில் தயாரித்து விமானத்தில் பிலடெல்பியாவுக்கு எடுத்துச்சென்றார்கள். புளோரினின் கதிர்ச்சக்தி 110 நிமிஷங்களுக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துவிடுமாதலால் அவசரம் அத்தகையது. நுரையீரலுக்கோ, கல்லீரலுக்கோ, எலும்புக்கோ நாசித்தொண்டை நோய் சென்றிருப்பதைக் கண்டுபிடிப்பதில் இதற்கு இணையில்லை. கழுத்தில் மட்டும் சில மில்லிமீட்டர் கணு இதன் கண்ணுக்கும் தப்பிவிடுகிறது. காசநோய் இன்னும் ஒழியாத நம் பிரதேசத்தில் காசம் பிடித்த கணுவும் புற்றுக்கணுவைப்போலவே எரிகிறது. சிகிச்சைக்குப் பிறகுதான் இதன் உண்மையான சேவை. பிரிட்டனில் 564 நோயாளிகளைக் கொண்டு நடத்தி 2016-ல் வெளியிட்ட ஆய்வில், கதிரும் மருந்தும் முடிந்து 12 வாரங்கள் கழித்துப் பெட் ஸ்கேன் எடுத்து, சந்தேகமுள்ளவர்களுக்கு மட்டும் கழுத்தறுவை செய்தபோது 54 அறுவைகளே போதுமானவையாயின. எல்லோருக்கும் திட்டப்படி அறுவை செய்த பிரிவில் 221. உயிர்பிழைத்தவர் விகிதத்தில் ஸ்கேன் பிரிவு பின்தங்கவில்லை.

நோய் வந்த பின் பார்ப்பதைவிட வருமுன் பார்க்கலாகாதா என்ற கேள்விக்கு இரண்டு நகரங்கள் இரண்டு விதமாக விடை தேடின. ஹாங்காங்கில் அறிகுறி ஏதுமில்லாத 20,174 ஆண்களின் இரத்தத்தில் எப்ஸ்டீன் பார் வைரஸின் டி.என்.ஏ. துணுக்குகளைத் தேடினார்கள், இரண்டு முறையும் துணுக்கு தென்பட்ட 309 பேரை எண்டோஸ்கோப்புக்கும் எம்.ஆர்.ஐ.க்கும் அனுப்பினார்கள், 34 பேருக்கு நோய் இருந்தது. 2017-ல் வெளியான அந்த முடிவில், அவர்களுள் பெரும்பாலோர் முதலிரண்டு நிலைகளில் இருந்தார்கள் என்பதே விசேஷம். திருவனந்தபுரத்தில் சங்கரநாராயணன் அவர்கள் நடத்தி 2005-ல் வெளியிட்ட பரிசோதனையிலோ யந்திரம் எதுவும் இல்லை. ஏறத்தாழ 1,92,000 பேரை உட்படுத்திய அந்த ஆய்வில், மருத்துவரல்லாத ஆனால் பயிற்சி பெற்ற பட்டதாரிகள் வீடு வீடாகச் சென்று, போதிய வெளிச்சத்தில் வாயைத் திறக்கச் செய்து பார்த்தார்கள். புகையிலையோ மதுவோ பழகியவர்களிடம் வாய்ப்புற்று மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது.

மலேசிய அரசின் பல் மருத்துவத் துறையும் 1990களின் பிற்பகுதியிலிருந்து தோட்டப்புறங்களுக்குச் சென்று, லயத்து மக்களை வரிசையில் நிறுத்தி வாயைச் சோதித்து வந்திருக்கிறது. லயங்கள் இன்று குறைந்துவிட்டன. செபராங் பிறையின் ரப்பர்த் தோட்டங்கள் தொழிற்பேட்டைகளாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறி, அங்கிருந்த குடும்பங்கள் அடுக்குமாடிகளில் ஐந்தாவது மாடிக்கும் பத்தாவது மாடிக்கும் ஏறிவிட்டன. மணியடித்தால் ஓரிடத்தில் கூடும் மக்கள் இப்போது இல்லை. வெற்றிலைப் பெட்டியை மட்டும் மூதாட்டிகள் கையோடு கொண்டுபோயிருக்கிறார்கள். அவர்களைத் தேடிக் கதவைத் தட்டுவதற்கு, தோட்டத்துக் கிராணியின் பெயர்ப்பட்டியலைப்போல் ஒரு பட்டியல் இன்னும் யாரிடமும் இல்லை.